விஜயதசமியன்று மாறிய வயர்

அன்று பட்டறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு கேட்டபோது பாதிப் பேர் தாங்கள் அங்கே இருக்கவே இல்லை என்றார்கள்.

முதலாளி இருந்தார். மற்ற நாளில் பேன்ட். அன்று பட்டு வேட்டி.

முதலாளியின் மனைவி இருந்தார். ஆசிட் வாடைக்கு மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய தம்பி இருந்தான். முதலாளிக்கு மைத்துனன். தன்னைச் சின்ன முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவனே எங்களிடம் சொல்லி வைத்திருந்தான்.

தொட்டிக்காரர் இருந்தார். நிக்கல் தொட்டியும் குரோம் தொட்டியும் அவர் பொறுப்பு. சர்ச்சுக்குப் போகிறவர். பூஜை நடக்கும்போது வாசலில் நிற்பார். முடிந்ததும் பொரி வாங்கிக்கொள்வார்.

என் நாத்தனார் இருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை.

நான் இருந்தேன்.

பாலிஷ் போடுகிற ஆட்கள் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

பட்டறை அம்பத்தூரில், மேனாம்பேடு பக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எண்பதுகளில் அந்தப் பக்கம் இது மாதிரி பிளேட்டிங் பட்டறை நிறைய. பெரிய கம்பெனிகள் இரும்புச் சாமான் செய்து அனுப்பும். நாங்கள் முலாம் பூசித் திருப்பி அனுப்புவோம். அந்த வருடம் எங்களுக்கு வந்தது சைக்கிள் மணி. மணிக்கு மேலே கவிழ்த்திருக்குமே கிண்ணம், அது. ஆயிரக்கணக்கில் வரும். கிண்ணத்தின் நடுவில் ஓட்டை இருக்கும். ஓட்டையில் செம்புக் கம்பியை விட்டு முறுக்கி, வரிசையாகக் கொக்கியில் கட்ட வேண்டும். பெண்களுக்கு அந்த வேலை. நானும் என் நாத்தனாரும் கட்டுவோம்.

நிக்கல் தொட்டியில் இருப்பது பச்சைத் தண்ணீர். பார்க்க அழகாக இருக்கும். அது புளிப்புத் தண்ணீர், ஆசிட் சேர்ந்தது. விரலில் பட்டால் அரிக்கும். அரித்தால் சொறியத் தோன்றும். சொறிந்தால் புண். என் விரல் இடுக்குகளில் நான்கு வருடம் புண் ஆறவே இல்லை. முதலாளியிடம் காட்டினேன். "வீட்ல பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒத்துக்கலையா இருக்கும்" என்றார். எங்கள் வீட்டில் பாத்திரம் சாம்பலில் தேய்த்தோம்.

தொட்டியின் இரண்டு ஓரத்திலும் நிக்கல் தகடுகள் துணிப்பைக்குள் தொங்கும். நடுவில் எங்கள் கிண்ணங்கள். சுவரோரம் கரண்ட் பெட்டி. பெட்டியிலிருந்து இரண்டு தடி வயர் வரும். பிளஸ் நிக்கலுக்கு. மைனஸ் சரக்குக்கு.

சும்மா போட்டு வைத்தால் அந்தத் தண்ணீரில் நிக்கல் மாதக்கணக்கில் கிடக்கும். பெரிதாக ஒன்றும் ஆகாது. பிளஸ் கரண்ட் பட்டால்தான் கரையும். சத்தம் கிடையாது. புகை கிடையாது. மேல் தோல் மெல்லப் போகும். போனது தண்ணீரோடு கலந்து வந்து, மைனஸில் தொங்குகிற இரும்பின் மேல் வெள்ளையாக ஒட்டும். தகட்டின் வழவழப்பு போய்ச் சொரசொரப்பு வரும். ஓரம் தேய்ந்து கத்தி மாதிரி ஆகும். கடைசியில் பைக்குள் கறுப்புச் சேறும் சின்னத் துண்டுகளும் மிஞ்சும். பைக்குள் கையை விட்டுக் கழுவுவதும் நாங்கள்தான்.

தண்ணீரில் ஒரு உப்பு போடுவார்கள். அது குறைந்தால் பிளஸ் கொடுத்தாலும் நிக்கல் கரையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொண்டு குமிழி மட்டும் விடும். "நிக்கல் தூங்கிடுச்சு" என்பார் தொட்டிக்காரர். உப்பைப் போட்டால் எழுந்துவிடும்.

கம்பெனி கழித்த சரக்கு திரும்பி வந்தால் வேறொரு தொட்டி. அதில் கடும் ஆசிட். அங்கே சரக்கையே பிளஸில் மாட்டுவோம். ஒட்டின நிக்கல் உரிந்து போய்விடும். அதனால் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பிளஸில் எது தொங்குகிறதோ அது கரையும். நிக்கல் என்றும் பார்க்காது, இரும்பு என்றும் பார்க்காது, செம்பு என்றும் பார்க்காது.

இது தெரியாதவன் அந்தப் பட்டறையில் ஒருவனும் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் நாத்தனாரைப் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவன் அடிப்பான். குடித்தாலும் அடிப்பான், குடிக்கக் காசில்லாவிட்டாலும் அடிப்பான். ஒரு நாள் இடுப்பில் பிள்ளையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பல் ஒன்று இல்லை. நான் உள்ளே கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் கூப்பிடவில்லை. அவருக்கு ஆவடி பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை.

"கட்டிக் குட்த்தாச்சு. இன்னும் நானா சோறு போடணும்?" என்றார்.

"அவ சோத்துக்கு அவ சம்பாரிப்பா" என்றேன்.

"சம்பாரிச்சா இருக்கட்டும். வேல போச்சுன்னு வெச்சுக்கோ, அன்னிக்கே பூந்தமல்லி பஸ்ல ஏத்திடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே பட்டறைக்குக் கூட்டிப் போனேன். ஒரு வாரத்தில் என்னைவிட வேகமாகக் கட்டினாள். வாயும் சும்மா இருக்காது.

"இன்னா அண்ணி, காலைல இருந்து தாலியா கட்டிகினு கீறோம். ஒரு மாப்பிள்ள கூட தேறல."

"இழுத்து முறுக்குடி. அவுந்தா தொட்டில விழும்."

"என் கம்பி அவுறாது அண்ணி. எனக்குக் கட்னவனே இவ்ளோ இறுக்கிக் கட்டல, நான் ஓடியாந்துட்டேன். இது ஓடாது பாரு."

தொட்டிக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார். "தங்கச்சி வாய்க்கே தனியா ஒரு தொட்டி வெக்கணும்" என்பார். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே தொட்டி ஓரமெல்லாம் கழுவினோம். பூஜையன்று அதே ஆறு பேர். பெட்டிக்கும் மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டது. வயரையும் கழற்றி, நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிப் பொட்டு வைப்பது வழக்கம். மைத்துனன் அதைத் தானே செய்கிறேன் என்று உட்கார்ந்தான்.

இரண்டு வயரும் ஒரே தடிமன், ஒரே கறுப்பு. பிளஸில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். அதுதான் அடையாளம். எண்ணெயும் தூசியும் ஏறி அழுக்காகிவிட்டது, ஆனாலும் சிவப்பு தெரியும். அவன் அதைப் பிளேடால் அறுத்து எறிந்தான்.

தொட்டிக்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார். "சின்ன மொதலாளி, அந்தத் துணி அடையாளத்துக்கு. வேற ஒண்ணு கட்டிட்டு அப்பறம் எடுங்க."

"அழுக்குத் துணிய மாட்டி வெச்சிகினு சாமி கும்பிடுவாங்களா? எது பிளஸ்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். இருந்தாலும்..."

"உன் சாமிய நீ ஞாயித்துக்கெழம பாரு. இங்க வந்து எனக்குப் பூஜ சொல்லித் தராத."

மைத்துனன் இரண்டு வயருக்கும் சந்தனம் பூசி, இரண்டுக்கும் பெரிய பொட்டு வைத்தான். இரண்டும் அச்சு அசலாக ஒன்று போல் ஆயின.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் சரக்கைத் தொட்டியில் இறக்கி, முதல் சுவிட்சை முதலாளி குடும்பம் போட வேண்டும். அன்று வேலைக்காரன் கை பெட்டியில் படக் கூடாது. வருடா வருடம் அப்படித்தான். ஆனால் மற்ற வருடங்களில் வயரைத் தொட்டிக்காரர் மாட்டிவிட்டு ஒதுங்குவார், சுவிட்சை மட்டும் அவர்கள் போடுவார்கள். அந்த வருடம் வயரையும் தானே மாட்டுவதாக மைத்துனன் சொன்னான்.

கிண்ணங்களை நாங்கள் விடியும்போதே கட்டி வைத்திருந்தோம். ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பி புதுசு இல்லை. ஒருமுறை கட்டின கம்பியையே நிமிர்த்தி மறுபடி கட்டச் சொல்லுவார்கள். மெல்லிய கம்பி. ஆனாலும் அவிழாது. இரண்டு பேரும் இழுத்துப் பார்த்துத்தான் வைத்தோம்.

முதலாளியின் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ராகு காலம் வரப் போறது. சீக்கிரம் மாட்டுடா தம்பி."

அவன் திருகாணியை முறுக்கினான். அவசர அவசரமாக முறுக்கினான். அவன் அக்கா வந்து கண்ணை மூடிச் சுவிட்சைப் போட்டார். பெட்டியில் முள் ஏறியது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். தொட்டிக்காரர் தொட்டிப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கப் போனார்.

"இன்னாய்யா எட்டிப் பாக்கற? போய் வாழ எல வாங்கினு வா. அக்கா பொங்கல் போடப் போவுது" என்றான் மைத்துனன்.

"அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போறேன் சார். மொதல் சரக்கு."

"நல்ல நாள்ல எதுக்கெடுத்தாலும் எதிர்ப் பேச்சு. போய்யா."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் வாசல் கேட்டுக்கு வந்தோம். தேங்காய் உடைத்தார்கள். பூசணிக்காய்க்குள் குங்குமத்தையும் காசையும் போட்டுச் சுற்றி உடைத்தார்கள். சிதறின காசைத் தெருப் பிள்ளைகள் பொறுக்கின. இலை வந்தது. பொங்கல் சாப்பிட்டோம், சுண்டல் சாப்பிட்டோம். முதலாளி போட்டோ எடுத்தார். மற்ற நாளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொக்கியைத் தூக்கிப் பார்ப்போம். அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் தொட்டி பக்கம் போகவில்லை.

தொட்டிக்காரர்தான் முதலில் கை கழுவிவிட்டு உள்ளே போனார். நாங்கள் பின்னால் போனோம். கொக்கியைப் பிடித்துத் தூக்கினார். அது கையோடு லேசாக வந்தது. கனமே இல்லை.

கீழ் வரிசை முழுக்கக் காலி. மேலே கொஞ்சம் தொங்கின. தொங்கினதும் வெள்ளையாக இல்லை. கரி பூசினது போலக் கறுத்து, அம்மை போட்ட முகம் மாதிரிக் குழி குழியாக இருந்தன. கொக்கியில் எங்கள் முடிச்சுகள் அப்படியே இருந்தன. முடிச்சுக்குக் கீழே கம்பி ஊசி முனை போல இளைத்து, பாதியில் நின்றிருந்தது. கிண்ணமெல்லாம் தொட்டியின் அடியில்.

பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. தொட்டிக்காரர் போய்ச் சுவிட்சை அணைத்தார். வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனார், பெட்டியில் இருந்து தொட்டி வரை. திரும்பி வந்து என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து இரண்டு வயரையும் கழற்றினார். இடம் மாற்றி மாட்டினார். கையில் ஒட்டின சந்தனத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

நான் பார்த்தேன். நாத்தனார் பார்த்தாள். மைத்துனன் பார்த்தான்.

"இரும்பு கரைஞ்சிருக்கு. செம்பும் கரைஞ்சிருக்கு. தண்ணி கெட்டுப்போச்சு" என்று தொட்டிக்காரர் முனகினார். எதனால் என்று சொல்லவில்லை.

முதலாளி உள்ளே வந்தார். "என்னய்யா ஆச்சு?"

தொட்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான். "கம்பி அவுந்து எல்லாம் அடியில விழுந்துடுச்சு மாமா. விழுந்து கெடந்து கறுத்துப்போச்சு. கட்னது சரியில்ல."

"நல்ல நாளும் அதுவுமா" என்று அவன் அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

கொக்கியை எடுத்துக்கொண்டு போய் முதலாளி முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மொதலாளி, நல்லா பாருங்க. முடிச்சு அப்படியே கீது. அவுந்தா முடிச்சு இருக்குமா? கம்பி கரைஞ்சி கீது. கம்பி எப்ப கரையும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கொக்கியை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கம்பியின் நுனியை விரலால் தொட்டார். பெட்டியைப் பார்த்தார். பிறகு மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் பூசணிக்காய் உடைத்த கையில் இருந்த குங்குமத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் எனக்குக் கோபம் இவ்வளவு வருடம் இருந்திருக்காது.

"நாளைக்குக் கம்பெனி ஆள் சரக்குப் பார்க்க வருவான். அவனுக்கு நான் ஏதாவது சொல்லியாகணும்" என்றார். கொக்கியை என் கையில் கொடுத்துவிட்டார். "கம்பி கட்டறது புது ஆள், நிறுத்திட்டோம்னு சொன்னா அவன் ஒத்துப்பான். நீ இரும்மா. நீ பழைய ஆள். அவளை மட்டும் நாளையில இருந்து வர வேணாம்னு சொல்லு."

"அவளே நிக்கறா. நீங்களே சொல்லுங்க."

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

நான் தொட்டிக்காரர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, நீங்க சொல்லுங்க. இப்பத்தான வயர மாத்தி மாட்டனீங்க?"

அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்கறன் இல்ல? மாத்தனீங்களா இல்லியா?"

"திருகாணி லூசா இருந்துச்சும்மா. டைட் பண்ணேன்."

"நேத்து துணி அடையாளத்துக்குன்னு சொன்னது யாரு? வேற யாரோவா?"

"நான் எதுவும் கவனிக்கலம்மா. நான் எல வாங்கப் போயிருந்தேன்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலாளிக்கு வேறு வழி இருந்திருக்காது. தொட்டி வேலை தெரிந்த ஆளை அவ்வளவு சுலபமாகத் துரத்த முடியாது. அது அவருக்கும் தெரியும்.

"உடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "தொட்டி அண்ணன் இன்னா பண்ணும், அதுக்கும் புள்ள குட்டி கீது."

"உனக்கு?" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தப் பல் இல்லாத இடம் தெரிந்தது. "எனக்குப் பூந்தமல்லி கீது."

முதலாளியின் மனைவி ஒரு பையில் பொரியும் பழமும் போட்டு அவளிடம் நீட்டினார். நல்ல நாளில் வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். நான் அதை வாங்கி மேஜை மேல் வைத்தேன். கம்பி வெட்டுகிற குறடு என் இடுப்பில் இருந்தது. அதை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். "இதையும் நாங்கதான் கட்டாம உட்டோம்னு சொல்லிக்கோங்க" என்றேன். இரண்டு பேரும் வெளியே வந்தோம். மைத்துனன் பின்னால் கத்தினான். அவன் கத்தினது எதுவும் எழுதத் தக்கதில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அவளத்தான நிறுத்தனாங்க. நீ எதுக்கு வந்த?"

"அவ கட்டனதும் நான் கட்டனதும் ஒரே கம்பி."

"நாயம் பேசிகினு வந்துட்டா. அடுப்புல நாயமா வேவும்?"

"ஒரு மாசம் குடு. எங்கனா வேல பாத்துத் தர்றேன்."

தீபாவளி வரைக்கும் என்றார். அதையும் சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏறி இறங்காத பட்டறை இல்லை. இரண்டு பேரும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நடப்போம். முதல் நாள் ஒரு பட்டறையில் வாசலில் நின்ற ஆளே கேட்டான்.

"நீங்கதானா அது? விஜயதசமி அன்னிக்கு மொத்தச் சரக்கையும் தொட்டில தள்ளன ஆளுங்க?"

"தள்ளல. வயர் மாத்தி மாட்டனாங்கோ."

"அப்படியா? அந்த ஊட்டு மச்சான் வேற மாரி சொல்லிகினு கீறானே."

எங்கே போனாலும் இதுதான். அவன் எங்களுக்கு முன்னால் போயிருப்பான். டீக்கடையில் சொல்லியிருப்பான், சரக்கு வாங்க வருகிற வேன்காரனிடம் சொல்லியிருப்பான். வயரை மாற்றி மாட்டினது ஒரு தப்பு. அவசரத்தில் யாருக்கும் வரும். எனக்கே வரலாம். அதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னான் பாருங்கள், அதற்குக் கோபம்.

எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் போடுகிற இடத்தில் வேலை கிடைத்தது. ஒரு ஆள் போதும் என்றார்கள். என் இடத்தில் அவளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கைப்பிள்ளைக்காரி வேண்டாம் என்றார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டு வந்தபோது வீட்டில் அவள் துணி இல்லை. பிள்ளையின் தூளி கழற்றியிருந்தது. என் வீட்டுக்காரர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பஸ் ஏத்திட்டியா?"

"நானே கூட்டிப் போய் உட்டுட்டு வந்தேன். மாப்பிள்ள நல்லாத்தான் பேசனாரு. டீ வாங்கிக் குட்த்தாரு."

நான் அன்று சோறு பொங்கவில்லை. அவர் கேட்டார். நாயம்தான் இருக்கு, வேக வெச்சுத் தரட்டுமா என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம்.

மார்கழியில் அம்பத்தூர் ஸ்டேஷனில் தொட்டிக்காரரைப் பார்த்தேன். கிறிஸ்துமசுக்குப் புதுச் சட்டைத் துணி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரிப் போனேன். அவர்தான் பின்னால் வந்தார்.

"தங்கச்சி எப்படி கீது?"

"பூந்தமல்லில கீது."

அவர் துணிப் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "தண்ணிய சுத்தம் பண்ணவே ஒரு மாசம் ஆச்சும்மா. தகரம் தகரமா மைனஸ்ல தொங்க உட்டு, தண்ணில கலந்த செம்ப இழுத்தோம். இப்ப வயருக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. பிளஸுக்குச் சிவப்பு, மைனசுக்குக் கறுப்பு. இனிமே மாறாது."

"யாரு அடிச்சது?"

"சின்ன மொதலாளிதான்."

பிளாட்பாரத்தில் கூட்டம். நான் சத்தமாகவே சொன்னேன். "அப்ப கம்பிதான் அவுந்துச்சுன்னா, பெயிண்ட் எதுக்கு அடிச்சான்?"

"என்னாமா பண்றது. எனக்கும் வயிறு கீது."

"அவளுக்கும் இருந்துச்சு."

ரயில் வந்தது. அவர் ஏறவில்லை. நான் ஏறிவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு பகலில் அவள் வந்தாள். பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்தே வந்திருக்கிறாள். இடுப்பில் பிள்ளை. தலையில் முக்காடு. அவள் முக்காடு போடுகிறவள் இல்லை. அன்று என் வீட்டுக்காரருக்கு லீவு. அவர்தான் கதவைத் திறந்தார். பார்த்தார். வழியை விட்டு நகர்ந்து நின்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இருட்டின பிறகுதான் வந்தார். அதற்கப்புறம் பூந்தமல்லி பஸ் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருந்து நேராக வந்திருந்தாள். மருந்துச் சீட்டு முந்தானையில் முடிந்திருந்தது. காதுக்குப் பின்னால் முடியை மழித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள்.

"இன்னாத்தால அடிச்சான்?"

"அம்மிக் குழவி."

"எதுக்கு?"

"வேல போனவளுக்கு சோறு ஒரு கேடான்னு கேட்டான். நான் திருப்பிக் கேட்டேன் அண்ணி, உனக்கு எப்ப வேல இருந்துச்சுன்னு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். கட்டு இழுத்திருக்கும் போல, நிறுத்திக்கொண்டாள். பிள்ளைக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன். அவளுக்கும் ஊட்டினேன். அவளால் வாயைப் பெரிதாகத் திறக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கட்டு மாற்ற வேண்டும் என்று சீட்டில் இருந்தது. நானே மாற்றினேன். வெந்நீரில் நனைத்துப் பஞ்சை மெல்ல எடுத்தேன். என் விரல் புண் அதற்குள் ஆறியிருந்தது.

"எத்தன தையல் போட்டாங்கடி?"

"எண்ணல அண்ணி. எனக்குப் பின்னால கீது, நான் எங்க பாக்கறது."

நான் எண்ணினேன்.

பதினேழு.